பெட்ரோல் வாடை போன வண்டி
அத்தியாயம் 11: சார்ஜ் போட்ட இடம்

மானம் போகப்போகிற நாளில்தான் மனுஷனுக்குப் புதுச் சட்டை அமையும் போலிருக்கிறது. தங்கபாண்டி கண்ணாடி முன்னால் நின்று, மகள் வாங்கி வந்த வெளிர்நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தான் மட்டும் துளைக்குள் நுழைய மாட்டேன் என்றது.

"என்னப்பா, கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் பதறுறீங்க?" என்று சிவரஞ்சனி வந்து போட்டுவிட்டாள். "பாலிடெக்னிக் பிள்ளைககிட்ட உங்க வண்டியப் பத்தி நாலு வார்த்தை பேசப் போறீங்க. அதுக்குப் போயி இம்புட்டு நடுக்கமா?"

"அதுக்கில்ல ஆத்தா" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

எதற்கு என்று நமக்குத் தெரியும். நூற்பாலை மூடியபின் வீட்டில் உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீசியன், துருப்பிடித்த மாருதியின் இன்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டிக் காட்டிய கதையைத்தானே இத்தனை வாரமாகப் படித்து வருகிறோம்! டேங்கும் சைலன்சரும் ரேடியேட்டரும் வாசலில் குவிந்து கிடந்தபோது, "காயலான் கடைக்கு என்ன பேரு வைக்கப் போறீக?" என்று மனைவி பாண்டீஸ்வரி கேட்டாள். மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்கும் தகட்டை லேத்துப் பட்டறையில் கடைந்து கடைந்து, கடைசியில் அது பொருந்திய அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவளும் அவள்தான். அந்த வண்டி போடிமெட்டு வளைவுகளில் மூச்சு வாங்காமல் ஏறி, பூப்பாறைக்குப் பக்கத்தில் அக்கா மொக்கம்மாளின் ஏலக்காய்த் தோட்டத்தில் போய் நின்றதையும் பார்த்தோம்.

அங்கே நடந்ததைத்தான் இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கபாண்டி மன்னிக்கட்டும்.

அன்று நல்ல மழை. கிளை முறிந்து விழுந்து அக்கா வீட்டுக்கு வரும் கரண்டுக் கம்பி அறுந்துவிட்டது. தோட்டத்தில் கரண்டு இருந்த ஒரே இடம் ஸ்டோர். பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் அது. அதற்குத் தனி லைன். ஒரு பக்கம் விறகு அடுப்பு. மறுபக்கம், உள்ளே சேரும் ஈரக்காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி. அது ஓடினால்தான் காய் பச்சை குறையாமல் இறங்கும். நின்றுபோனால் தன் ஈரத்திலேயே வெந்து வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் கையில் எடுத்து முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

தங்கபாண்டி தன் சார்ஜர் வயரை அந்த விசிறி லைனில் சொருகினார்.

மலையிலிருந்து இறங்க அவருக்குச் சார்ஜ் தேவையே இல்லை. இறக்கத்தில் மோட்டாரே பேட்டரிக்குக் கரண்டு ஏற்றிவிடும். ஆனாலும் மறுநாள் பூப்பாறைக் கடைத்தெருவில் நாலு சுற்று சுற்றி, ஜீப்பு டிரைவர்களிடம் வண்டியைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும் என்று ஓர் ஆசை. எந்த லைன் எவ்வளவு லோடு தாங்கும் என்று பார்த்தே காலமெல்லாம் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். லோடு கூடினால் அந்தப் பழைய டிரிப் சுவிட்சு விழுந்துவிடும் என்று தெரியாதா என்ன? பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் சித்த நேரம் சாய்ந்தவர் தூங்கிப்போனார்.

விடியும்போது இறங்கி வந்து பார்த்தால் சுவிட்சு விழுந்து கிடந்தது, விசிறி நின்றிருந்தது. அடுப்புப் பக்கம் விறகு தள்ளிக்கொண்டிருந்த ராக்கையாவுக்கு, தகரக் கூரையில் கொட்டிய மழைச் சத்தத்தில் விசிறி நின்றதே தெரியவில்லை. தங்கபாண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். சுவிட்சை மேலே தள்ளினார். விசிறி சுற்றத் தொடங்கியது. வயரைச் சுருட்டி டிக்கியில் போட்டார்.

பிறகு அக்கா வந்து ஸ்டோர்க் கதவைத் திறந்தபோது காய் மொத்தமும் வெளுத்து மஞ்சளடித்துக் கிடந்தது. விசிறியோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பழி அடுப்பைப் பார்த்துக்கொண்டவன் தலையில் விழுந்தது.

அந்த ராக்கையா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். பல வருஷக் குடியை இந்தக் கார்த்திகையில்தான் தலைமுழுகியிருந்தான். மாலை ஏறிய நாளிலிருந்து தோட்டமே அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டது. மொக்கம்மாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அன்று காலை அவள் சாமி என்று கூப்பிடவில்லை.

"டேய் ராக்கையா, மாலையப் போட்டுக்கிட்டே குடிச்சியாடா?"

"சத்தியமா இல்லத்தா. எனக்கே தெரியாமக் கண்ணு அசந்துட்டேன் போலருக்கு" என்றான் அவன். தான் தூங்கித்தான் போயிருக்க வேண்டும் என்று அவனே நம்பினான்.

தங்கபாண்டி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார். வந்த வார்த்தை வேறு.

"விடுக்கா. மனுஷன்தானே, அசதியில தூங்கிருப்பான். மன்னிச்சு விட்டுரு."

ராக்கையா கண்ணில் நீரோடு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடுதான் இத்தனை நாளாகத் தங்கபாண்டியைச் சாப்பிடவிடாமல், தூங்கவிடாமல் துரத்துகிறது. இன்று சட்டைப் பொத்தானையும் போடவிடவில்லை.

"இன்னும் என்ன கண்ணாடி? நேரமாச்சு, வெரசா வாங்க!" என்று வாசலிலிருந்து பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். வண்டி நகர்ந்தபோது பழம் நசுங்கிய சத்தம்தான் கேட்டது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

"கொள்ளிக்கண்ணு எல்லாம் ஒழியட்டும்" என்றாள் பாண்டீஸ்வரி. தங்கபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கண்ணைவிடக் கொள்ளிக்கண் இன்று போடியில் யாருக்கு இருக்கிறது என்று தோன்றியது.

பாலிடெக்னிக்கில் மேடை போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, சால்வை போர்த்தினார்கள். 'போடியின் பெருமை' என்று கல்லூரி முதல்வர் ஆரம்பித்தபோது தங்கபாண்டி தரையைப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் ஓங்கித் தட்டினார்கள்.

ஆனால் மைக் கையில் வந்து, பேச்சு வண்டியைப் பற்றித் திரும்பியதும் கொஞ்ச நேரத்தில் வெட்கம் மறந்துபோனது. கொடுமை அதுதான். பிடித்த சோலியைப் பற்றிப் பேசும்போது மனிதன் தான் யார் என்பதையே மறந்துவிடுகிறான்.

"இன்ஜின எடுத்தா பிரேக்கும் கூடவே பாதி செத்துரும் தம்பிகளா. பிரேக்க லேசா மிதிக்க ஒத்தாசை பண்றதே இன்ஜின் உறிஞ்சுற காத்துதான். அதுக்குன்னு தனியா ஒரு சின்ன பம்பு வைக்கணும். அத மறந்துட்டுப் போடிமெட்டு எறங்குனா, அப்புறம் அடிவாரத்து முந்தல்ல வந்துதான் வண்டி நிக்கும். நாம நிக்க மாட்டோம்!"

அரங்கம் சிரித்தது.

"ஏறும்போது தின்ன கரண்டுல ஒரு பங்கத் திரும்பக் குடுத்துரும், எறங்கும்போது. எறக்கத்துல டேங்கு நிரப்புற பெட்ரோல் வண்டி எங்கேயாச்சும் உண்டா?"

இதற்கு விசில் பறந்தது. முன்வரிசையில் சிவரஞ்சனி போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துத் தங்கபாண்டிக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

நடுவரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். தன் பெயர் முத்துப்பிரியா என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"சார், அப்படின்னா மேல சார்ஜ் போடாமலே எறங்கி வந்துரலாமே? ஆனா நீங்க மலைக்குப் போயி நெட்டுல போட்ட வீடியோவுல மறுநாள் முக்கா சார்ஜுன்னு காட்டுச்சு. மலையில எங்க சார் சார்ஜ் போட்டீங்க?"

கேட்டவள் முகத்தில் ஆர்வத்தைத் தவிர வேறொன்றுமில்லை. "ஸ்டோர்ல" என்று சொல்லியிருந்தால் அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் குற்றமுள்ள நெஞ்சுக்கு யார் கேட்டாலும் விசாரணைதான்.

"எங்க அக்கா வீட்டுலதான் ஆத்தா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "முன் ரூமு பிளக்குல. சாதாரண வீட்டு பிளக்கே போதும்."

கைதட்டல் எழுந்தது. சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் மொக்கம்மாள் நின்றிருந்தாள். முழங்கையில் மாட்டிய மஞ்சப்பை. வெளுத்த காயைக் கடையில் போட்டுவிட்டுப் போக மலையிலிருந்து இறங்கியவளை, தம்பிக்கு மரியாதை செய்வதைப் பார்க்கட்டும் என்று சிவரஞ்சனிதான் சொல்லாமல் கொள்ளாமல் வரவழைத்திருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்த அவளுடைய கை, பாதித் தட்டலில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு தங்கபாண்டி என்ன பேசினார் என்பது அவருக்கே தெரியாது. நன்றி சொன்னதாகச் சிவரஞ்சனி பிறகு சொன்னாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துப் படம் எடுத்தார்கள். அவர்களைச் சிவரஞ்சனி சமாளித்துக்கொண்டிருந்த நேரம், மொக்கம்மாள் தம்பியைத் தள்ளிக் கூட்டிப்போனாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எந்த முன் ரூமு பிளக்கு பாண்டி?"

அவர் விரல் சட்டையின் மேல் பொத்தானைத் தேடியது.

"அன்னைக்கு மெழுகுதிரி வெளிச்சத்துலதானடா உனக்குச் சோறு போட்டேன்? மீனு முள்ளு தெரியலன்னு நான்தானே எடுத்துக் குடுத்தேன்?"

"அக்கா..."

"ஸ்டோர்லயா போட்ட?"

தலை தானாக அசைந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

மொக்கம்மாள் மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு பிடி காயை எடுத்தாள். அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள். சுருங்கி, நிறம் செத்த காய்கள்.

"கடைக்காரன் பாத்துட்டு, 'அவிச்சா கொண்டாந்தீக?'ன்னு கேட்டான். போய்த் தொலையுது, அடுத்த காய் எடுப்புல பாத்துக்கலாம். ஆனா நான் ஒரு சாமியப் பாத்துக் குடிச்சியான்னு கேட்டுப்புட்டேனேடா! அத எந்த ஏலத்துல கொண்டு போய் விக்கிறது?" பையின் வாயை இறுக்கிச் சுருட்டினாள். "மாலையக் கழட்டிட்டானாம். ஜீப்பு ஸ்டாண்டுல சொல்றாங்க. மாலையோட குடிச்சவன்னு பேராகிப்போயி, ஒரு தோட்டத்துலயும் சேக்க மாட்டேங்குறாங்களாம். அன்னைக்கு எறங்கிப் போனவன்தான், சிலமலையில வீட்டோட கிடக்கான்."

"நான் வந்து சொல்லிர்றேன்க்கா. நாளைக்கு..."

"நாளைக்கு இல்ல. வண்டிய எடு."

"அத்தை, எங்க போறோம்?" என்று சிவரஞ்சனி ஓடி வந்தாள். அப்பாவின் சால்வை அவள் தோளில் இருந்தது. யாரும் பதில் சொல்வதற்குள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'நீ வீட்டுக்குப் போ ஆத்தா' என்று சொல்ல நினைத்தார். மொக்கம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்தார்.

சிலமலைப் பாதையில் அந்த வண்டி போனதைப் போல ஒரு பயணம் யாருக்கும் வாய்க்க வேண்டாம். வண்டிக்குச் சத்தமில்லை என்பதுதான் இத்தனை நாளும் அவருடைய பெருமை. 'காத வச்சுக் கேட்டாலும் கேக்காது' என்று ஊரெல்லாம் சொன்னார். இன்று அந்த அமைதியில் அக்கா விட்ட பெருமூச்சு கேட்டது. கைக்குள் வைத்திருந்த காய்கள் ஸ்டியரிங்கில் உரசுவது கேட்டது. பெட்ரோல் இன்ஜினாக இருந்திருந்தால் அந்த இரைச்சலிலாவது ஒளிந்துகொண்டிருக்கலாம்.

"ஏன் ரெண்டு பேரும் உம்முன்னு வர்றீங்க?" என்றாள் சிவரஞ்சனி. "அத்தை, அப்பா பேசினது எப்படி? அந்தப் பிள்ளை கேள்வி கேட்டுச்சே, அதுக்கு டக்குன்னு பதில் சொன்னாரு பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி" என்றாள் மொக்கம்மாள்.

ராக்கையா வீட்டு முன்னால் புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வண்டி அவன் பின்னால் வந்து நின்றும் திரும்பவில்லை. ஹாரன் அடிக்கத் தங்கபாண்டிக்குக் கை வரவில்லை. இறங்கினார். கால் சரளையில் பட்டதும் அவன் திரும்பினான்.

"அடடே, அண்ணே! சத்தமே இல்லாம வந்துட்டீங்களே!"

கழுத்து வெறுமையாக இருந்தது. கறுப்பு வேட்டி இல்லை, பழைய கைலி. மொக்கம்மாள் இறங்குவதைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான். பிறகு தங்கபாண்டியைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"ஏய் வீரலட்சுமி, அண்ணனுக்குக் காப்பி கொண்டா! நான் சொன்னேன்ல? அன்னைக்கு அம்புட்டுப் பேருலயும் எனக்காகப் பேசுனது அண்ணன் ஒருத்தர்தான்."

"எங்கப்பா எப்பவுமே அப்படித்தான்" என்றாள் சிவரஞ்சனி.

தங்கபாண்டிக்கு அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகத் தாங்க முடியவில்லை.

"சாமி" என்றார்.

"ஐயோ, அப்படிக் கூப்பிடாதீங்கண்ணே. மாலை கழுத்துல இல்ல. கெட்ட பேரு எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது, மாலைக்கு வரப்படாதுன்னு கோயில்ல கழட்டிக் குடுத்துட்டேன். குடிக்கலண்ணே. ஆனா தூங்கிட்டேன்ல? விரதத்துல இருக்கவன் சோலி நேரத்துல தூங்குனது குத்தந்தானே?"

அவன் மனைவி வீரலட்சுமி காப்பி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கபாண்டி வாங்கிக்கொண்டார். மற்றக் கையில் அந்த வெளுத்த காய்கள். அக்கா பக்கம் பார்த்தார். அவள் உதவிக்கு வரமாட்டாள் என்று தெரிந்தது.

"நீ தூங்கல சாமி. நான்தான் தூங்கிட்டேன்."

ராக்கையா புரியாமல் பார்த்தான்.

"விசிறி லைன்ல வண்டிய சார்ஜ் போட்டது நான். லோடு தாங்காம சுவிட்சு விழுந்துருச்சு. விசிறி நின்னுபோச்சு. விடிஞ்சதும் யாருக்கும் தெரியாம அதத் தூக்கிவிட்டதும் நான்தான். காயி வெளுத்தது என்னால. உன்னால இல்ல."

மாடு தண்ணீர் உறிஞ்சியது.

"அப்ப..." ராக்கையாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப நான் கண்ணசரலையாண்ணே? ஏய், கேட்டியாடி! நான் தூங்கலடி! கண்கொட்டாமத்தான் விறகு தள்ளுனேன்னு சொன்னேன்ல, எனக்கே சந்தேகமாப் போச்சேடி!" சிறு பிள்ளைபோலச் சிரித்தான். வீரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் கோபப்பட்டு நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தங்கபாண்டி தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

பின்னால் வண்டிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சிவரஞ்சனி தோளிலிருந்த சால்வையை எடுத்து பானெட்டின் மேல் வைத்தாள். மடிக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவுமில்லை. பஸ்சு ரோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"ரஞ்சனி! ஏ ஆத்தா!" என்று திரும்பினார் தங்கபாண்டி.

"அண்ணே" என்றான் ராக்கையா.

குரலில் சிரிப்பு இல்லை. ஏதோ ஒன்று இப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மகளுக்குப் பின்னால் போகவிருந்த தங்கபாண்டியின் கால் நின்றுவிட்டது.

"ஆத்தாகிட்ட 'மன்னிச்சு விட்டுரு'ன்னு சொன்னீங்களேண்ணே. நான் உங்களக் கையெடுத்துக் கும்பிட்டேனே." அவன் நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "அப்பவே உங்களுக்கு இது தெரியும்தானே?"

இல்லை, காய் வெளுத்தது அதனால்தான் என்று பிறகுதான் புரிந்தது என்று சொல்லலாம். அக்காவுக்குக்கூட அது பொய்யென்று தெரியாது. தங்கபாண்டியின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"தெரியும் சாமி" என்றார்.

ராக்கையா கையை நீட்டி, அவர் இன்னும் வாய் வைக்காத அந்தக் காப்பி டம்ளரை, ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்ப வாங்கிக்கொண்டான்.